பனிக்கூடத்தில் திறக்காத ஜிப்

வளைகுடாவுக்குக் காவல் வேலைக்குப் போகிற தம்பிகள் புறப்படுவதற்கு முன் என்னை வந்து பார்ப்பதுண்டு. எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை டிகிரி, தொப்பி தருவார்களா, நிற்க நிழல் இருக்குமா. வெயிலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள், அவ்வளவுதான். எனக்குச் சொல்ல இருப்பது குளிரைப் பற்றி. அந்த ஊர்களில் நான் செய்த மிகப் பெரிய தவறு, வெளியே நாற்பத்தைந்து டிகிரி காய்ந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில், பூஜ்யத்துக்கு நான்கு டிகிரி கீழே நடந்தது.

படையில் இருந்தபோது மூன்று குளிர்காலங்களை மலை உச்சிச் சாவடிகளில் கழித்தவன் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் வேலூர்ப் பக்கம் சும்மா இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் வளைகுடாவில் ஒரு பெரிய வீட்டின் காவல் பிரிவில் சேர்ந்தேன். எந்த நாடு, யார் வீடு என்று சொல்லப் போவதில்லை. நம் தொழிலில் அது முதல் ஒழுக்கம். அரசு அனுமதியோடு இயங்கிய பிரிவு அது. பத்துப் பேரில் நால்வருக்கு மட்டும் கைத்துப்பாக்கி உண்டு. சீருடை கிடையாது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களுக்கு ஓட்டுநர் போலவோ அலுவலக எழுத்தர் போலவோ தெரிய வேண்டும்.

நாங்கள் காத்தது ஏழு வயதுச் சிறுமியை. அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா வேறொரு நாட்டில் இருந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு முறை பள்ளி வாசலுக்கு வந்து, குழந்தையை அழைத்துப் போகப் பார்த்திருந்தார்கள். எங்களுக்கு மேடம் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: எந்த வாசலானாலும் சரி, என் மகள் வேறு யார் கையிலும் அதைத் தாண்டக் கூடாது.

சிறுமியைக் கவனித்துக்கொண்டவள் புஷ்பராணி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், அப்போது முப்பது வயது இருக்கும். குழந்தையைக் 'குட்டி' என்று கூப்பிடுவாள். வீட்டில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டாலும் மெதுவாகத் திரும்புகிற அந்தப் பிள்ளை, 'குட்டி' என்றால் உடனே திரும்பும். பேச்சுப் பழகிய வயதிலிருந்து புஷ்பராணியிடம் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வந்தது, மலையகத் தமிழ். என்னை 'மாமா' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவளும் புஷ்பராணிதான். குட்டிக்குக் கண்ணாடி இல்லாமல் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கொஞ்சம் இளைப்பும் உண்டு. மூச்சு வாங்கினால் வாயில் வைத்து இழுக்கிற மருந்து எப்போதும் புஷ்பராணியிடம் இருக்கும்.

எங்கள் சூப்பர்வைசர் நாகர்கோவில்காரர். ஆயுத அறையின் சாவி அவரிடம். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் திட்டுவார். அவர் வகுத்த விதியை மட்டும் சொல்கிறேன். குட்டி வெளியே போனால் கூட இருவர் இருக்க வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், புஷ்பராணி. இருவரில் ஒருவர் எதற்காவது நகர வேண்டுமானால் மூவரும் சேர்ந்து நகர வேண்டும். "ஒண்ணுக்குப் போவணும்னாலும் ஊர்வலமாத்தான் போவணும் கேட்டியா," என்பார்.

ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் அந்த வருடம் பனிக்கூடம் ஒன்று திறந்தார்கள். கூரைக்குக் கீழே நிஜமான பனி, சறுக்குமேடு, ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து கீழே வழுக்கி வர ஓர் ஓடை. குட்டி அதில் பைத்தியமானாள். வெள்ளிக்கிழமை தோறும் போக வேண்டும். கூட யார் போவது என்று பேச்சு வந்தபோது நானே கையைத் தூக்கினேன். குளிர் எனக்குத் தெரியும் என்றேன். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் நான் கற்றது இது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி, உள்ளே நகர வேண்டிய பாகங்களைப் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே எண்ணெயை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிடுவோம். முதல் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் என் கைத்துப்பாக்கியை அப்படியே துடைத்துவைத்தேன். பனிக்கூடத்தில் இரண்டு மணி நேரம் இருந்தோம், ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தின் புழுக்கத்தில் கால் வைத்ததும் இடுப்பில் சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் ஆயுத அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் என் துப்பாக்கி. மேல்பாகம் முழுவதும் செம்மஞ்சள் புள்ளிகள்.

"இது என்னடே, தோக்குக்கு அம்மை போட்டிருக்கு?" என்றார். அவர் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி, தோக்கு.

"பனியில கொஞ்ச நேரம் இருந்தது சார்."

"இரும்ப பனி என்ன செய்யும்? பனியில இருந்து வெளிய வந்தேல்லா, அதுதான் செஞ்சிருக்கு. பிரிட்ஜுல இருந்து எடுத்த சோடா பாட்டிலப் பாத்ததில்லையா நீ? மலையில இருந்தப்ப ஒரு நாளைக்கு எத்தன தடவ கடற்கரைக்கு எறங்கி ஏறுன?"

மலையில் நாங்கள் குளிரிலேயே இருந்தோம், துப்பாக்கியும் குளிரிலேயே இருந்தது. இங்கே ஒரு கதவைத் தாண்டினால் ஐம்பது டிகிரி மாறுகிறது. குளிர்ந்த இரும்பு ஈரக்காற்றைத் தொட்டதும் உடம்பெல்லாம் தண்ணீர் பூத்துக்கொள்கிறது. காப்பதற்கு எண்ணெய் இல்லை. எண்ணெயைத் துடைத்தவன் நான்.

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து தேய்த்தார். பிறகு மெல்லிய எண்ணெயை விரல்நுனியில் தொட்டுத் தடவிக் காட்டினார். "பொம்பளப் பிள்ளைங்க பவுடர் போடுகது மாதிரி. போட்டது தெரியப்படாது. போடாமலும் இருக்கப்படாது." இதற்கு மேல் பராமரிப்பு விவரங்களைக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாததைத்தான் சொல்ல வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெளியே வருவதற்கு முன் உள்கதவுப் பக்கத்தில் புஷ்பராணி நின்றாள். குட்டியின் கண்ணாடியைக் கழற்றி, வாயை அழுத்தி மூடுகிற ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டாள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடினாள். வெளியே வந்ததும் பையின் மேல்பக்கம் முழுவதும் நீர்முத்துகள் பூத்தன. உள்ளே கண்ணாடி காய்ந்தபடி கிடந்தது.

"உடனே தொறக்கக்கூடாதுண்ணே. பை வேர்த்து முடியட்டும். கண்ணாடிக்குச் சூடு வந்துச்சுன்னா பொறகு ஒண்ணும் ஆகாது."

"இத யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரு சொல்லணும்? ஃப்ரீசர்ல இருந்து கோழிய எடுத்தா பைக்கு வெளியதானே தண்ணி நிக்குது." சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒங்க சாமானுக்கும் ஒரு பை தரட்டுமாண்ணே?"

திடுக்கிட்டேன். துப்பாக்கி யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பதாக எனக்குப் பெருமை. "இன்னா சாமான்?" என்றேன்.

"குட்டி சொல்லுச்சு, மாமா வயித்துல இரும்பு டப்பா இருக்குன்னு."

"இது இன்னா கோழியா, பையில போட?" என்று சிரித்துவிட்டேன். காவலில் நிற்கும்போது துப்பாக்கியைப் பையில் மூடி வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நான் சிரித்தது அதற்காக அல்ல. மூன்று குளிர்காலம் மலையில் இருந்தவனுக்குக் கோழிப் பையை வைத்துப் பாடமா என்றுதான். அவளும் சிரித்துக்கொண்டே குட்டியின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

இப்போது அந்த ஜிப்புக்கு வருகிறேன்.

குட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடையில் வழுக்கிக் கீழே வந்ததும் எழுந்து ஓடிவந்து என் வயிற்றில் மோதிக் கட்டிக்கொள்வாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை அப்படி மோதியபோது, கோட்டுக்குள் இருந்த துப்பாக்கியில் அவள் வாய் இடித்துக் கீழுதடு கிழிந்தது. வெள்ளைப் பனியில் நான்கைந்து சொட்டு ரத்தம். அவள் அழவில்லை. "டப்பா கடிச்சிடுச்சு மாமா," என்றாள்.

அடுத்த முறை துப்பாக்கியை இடம் மாற்றினேன். சுற்றுலாப் பயணிகள் கட்டிக்கொள்வார்களே, இடுப்புப் பை, அதை வாங்கிக் கோட்டுக்கு வெளியே, முதுகுப் பக்கமாகத் தள்ளிக் கட்டிக்கொண்டேன். குழந்தை இனி எங்கே மோதினாலும் பஞ்சுக் கோட்டில்தான் மோதும். பையின் ஜிப்பை எங்கள் அறையில் உட்கார்ந்து இருபது முறை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் போல ஓடியது. சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. மலையில் சாமானை எப்போதும் உடம்போடு ஒட்டி, கோட்டுக்கு உள்ளேதான் வைத்திருப்போம், உடம்புச் சூடு அதைக் காக்கும். அது எனக்குத் தெரிந்ததுதான். கிழிந்த உதடு அதை மறக்கடித்துவிட்டது. நம் தவறுகள் பெரும்பாலும் சோம்பலால் வருகின்றன என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறுகள் பிரியத்தால் வந்தவை.

அன்று கூட்டம் அதிகம். பனிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு வாடகைக்குத் தருவார்கள். தலையை மூடும் குல்லாய், முகத்தில் பாதியை மறைக்கும் துணி. முகத்தையும் நடையையும் உடையையும் வைத்து ஆளை எடைபோடப் பழகியவன் நான். அங்கே நூறு பேரும் ஒரே ஆள்.

ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, சூடாகக் குடிக்க வேண்டும் என்று குட்டி கேட்டதால் மூவரும் வெளிக்கூடத்துக்கு வந்தோம். வழக்கம் போலப் புஷ்பராணி கண்ணாடியைப் பையில் போட்டாள். மூச்சு மருந்தும் அதே பையில்தான். என் இடுப்புப் பையில் ஒட்டியிருந்த பனி, வெளிக்கூடத்துச் சூட்டில் கரைந்து ஜிப்பின் பற்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. குட்டியின் மேலுதட்டில் மீசை போல ஒட்டிய சாக்லேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் திரும்ப உள்ளே போனோம்.

பனிக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் புஷ்பராணி நின்றாள். "அண்ணே, கண்ணாடிப் பை மேசையிலேயே இருக்கு. மருந்தும் அதுலதான். வாங்க, மூணு பேரும் போய் எடுத்துட்டு வந்துருவோம்."

குட்டி ஏற்கெனவே வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டே பேர். "மாமா, ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு தடவ."

"நீ போய் எடுத்துகினு வாம்மா," என்றேன். "ரெண்டு நிமிஷம். நான் கீழ நின்னு புடிச்சிக்கிறேன்."

"ஊர்வலமாத்தான் போகணும்னு சார் சொல்லியிருக்காரே."

"சார் இங்க இல்ல. போய்ட்டு வா."

அவள் போனாள். நான் ஓடையின் அடியில் போய் நின்றேன். குட்டி வந்து இறங்கிய அதே நேரம், பின்னால் வந்த இன்னொரு வளையம் ஒரு பையனோடு என் காலில் மோதியது. நான் குப்புற விழுந்தேன். எழுந்து, பையனைத் தூக்கி நிறுத்தி, திரும்பிப் பார்த்தபோது குட்டி இல்லை.

எல்லாத் திசையிலும் நீலக் கோட்டுகள். கண்ணாடி இல்லாத அந்தப் பிள்ளை எழுந்து, என்னை விட்டுவிட்டு, என் உயரத்தில் நின்ற வேறொரு நீலக் கோட்டை நோக்கி ஓடியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கண்டது இவ்வளவே: வாசலை நோக்கி ஓர் ஆள் வேகமாகப் போகிறான், தோளில் குட்டியின் சிவப்புக் குல்லாய்.

அவனுக்கு வாசல் பத்தடி. எனக்கு நாற்பதடி.

ஓடிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய் ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. கையுறையைப் பல்லால் உருவி எறிந்துவிட்டு வெறும் விரலால் இழுத்தேன். பற்களுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து, ஜிப் ஒரே உலோகத்துண்டாகியிருந்தது. மூன்றாவது முறை இழுத்தபோது விரல்தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. ஜிப் அசையவில்லை. அதற்குள் அவன் முன்னால் கதவு திறந்தது. திறந்தவள் புஷ்பராணி, கையில் பை.

"புஷ்பா, வுடாத. புடி அவன."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். பிறகு கதவை இன்னும் அகலமாகத் திறந்து, முதுகால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு வழி விட்டாள்.

அந்தக் கணத்தில் அவளைப் பற்றி நான் நினைத்ததை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

நான் கதவைத் தாண்டிச் சூடான வெளிக்கூடத்தில் விழுந்தபோது மூவரும் தரையில் இருந்தார்கள். அந்த ஆள் மண்டியிட்டுக் குட்டியை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். குட்டியின் உதடு வெளுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் போலச் சத்தம். புஷ்பராணி மருந்தை அவள் வாயில் வைத்து, "இழு குட்டி. மெதுவா. அக்காவப் பாரு. இன்னொரு தடவ," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான்காவது இழுப்பில் விசில் சத்தம் தணிந்தது. கன்னத்தில் நிறம் திரும்பியது.

முகத்துணியை இறக்கினார் அவர். தாடி நரைத்த ஒரு பாகிஸ்தானி. டாக்சி ஓட்டுபவர், தன் பிள்ளைகளோடு வந்தவர். யாருடைய பிள்ளையோ ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது, பேச முடியாமல் மூச்சுத் திணறியது, அதனால் தூக்கிக்கொண்டு சூடான அறைக்கு ஓடிவந்தேன் என்று உருதுவில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், உங்கள் மகளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வலது கை அப்போதும் இடுப்புப் பையின்மேல் இருந்தது. எடுக்கும்போது விரல் ஜிப்பில் பட்டது. அந்த அறையின் சூட்டுக்கு அது ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. மூடிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டேன்.

வண்டியில் திரும்பும்போது குட்டி புஷ்பராணி மடியில் தூங்கிவிட்டாள். நான் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டேன். "எப்படிம்மா வழி வுட்ட?"

"கடத்திட்டுப் போறவன் கழுத்த புள்ள கட்டிக்குமாண்ணே? குட்டி ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டிருந்துச்சு. நீங்க அந்த ஆளப் பாத்தீங்க. நான் புள்ளயோட கையப் பாத்தேன்."

அந்த ஜிப் ஓடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இதை எழுதும்போதும் கேட்டுப் பார்க்கிறேன். குறைந்தபட்சம், நிற்கச் சொல்லித் துப்பாக்கியை நீட்டியிருப்பேன். அவர் நின்றிருப்பார். மருந்துக்கும் குழந்தைக்கும் நடுவில் என் துப்பாக்கி நின்றிருக்கும். அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிவில்லை.

நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி மேடத்துக்குப் போயிருந்தது. கடைவளாகத்துக் காவலர்கள் சொன்னது இது: குழந்தை தனியாக இருந்தது, தாதி பக்கத்தில் இல்லை. மேடம் ஒரே வரியில் முடிவு செய்தார். புஷ்பராணிக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம்.

அன்று மாலை சூப்பர்வைசர் ஆயுத அறைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். நடந்ததை முழுவதும் சொன்னேன். பிய்ந்த விரலில் அவரே பஞ்சு வைத்தார்.

"நீ ஒண்ணும் எழுதண்டாம்," என்றார். "உங்கிட்ட யாரும் கேக்கல. தோக்கு வச்சவன் விதிய மீறினான், தோக்கும் வெளிய வரலன்னு தெரிஞ்சா பிரிவையே கலச்சுப்போடுவாங்க. பத்துப் பேரு போவணும். அவ ஒருத்தி போவட்டும்டே. அவளுக்கு வேற வீடு கிடைக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. பத்துக் குடும்பங்களை மனதில் வைத்துக்கொண்டு பேசினார். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் நியாயம் எதுவும் தயாராக இல்லை. ஒரே ஒன்றுதான் இருந்தது.

"குட்டிக்கு வேற அக்கா கிடைக்குமா சார்?"

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினேன். தாதியை அனுப்பியது நான். அவள் விதியை நினைவூட்டினாள், நான் கேட்கவில்லை. துப்பாக்கியை அனுமதியில்லாமல் வெளிப்பையில் வைத்தேன். ஆபத்து என்று நினைத்து எடுக்க முயன்றேன், ஜிப் பழுதாகியிருந்ததால் முடியவில்லை. தூக்கி வந்தவர் உதவி செய்தவர். அதைக் கண்டுகொண்டவள் தாதி, நான் அல்ல.

சூப்பர்வைசர் படித்தார். பேனாவை எடுத்து ஒரு வரியில் நிறுத்தினார். "ஜிப்பு பழுதில்லடே. நீ பழுது." ஜிப் வரியை அடித்துவிட்டு, பனியில் சோதித்துப் பார்க்காத பையை நம்பினேன் என்று மாற்றி எழுதச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்தார்: ஆயுதம் இடம் மாறியதை நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் அலுவலகத்துக்கு நடந்தார். வெளியே இன்னும் வெயில் இறங்கவில்லை. தலையில் தொப்பி வைக்க மறந்துபோய் நடந்தார்.

சனிக்கிழமை முழுவதும் ஒரு சொல்லும் வரவில்லை. ஞாயிறு காலை வேலைக்காரர் குடியிருப்பின் வாசலில் புஷ்பராணியின் பெட்டி, கயிறு சுற்றி நிறுத்தியிருந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். பத்து மணிக்கு ஓட்டுநர் வந்தார். பெட்டியைத் தூக்கினார். வண்டிக்குக் கொண்டுபோகாமல், திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த வீட்டில் காரணம் சொல்கிற வழக்கம் இல்லை.

பிரிவைக் கலைக்கவில்லை. என்னை மட்டும் குட்டியின் காவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெளிவாசலுக்கு வந்தேன். "வெயில்ல நில்லு," என்றார் சூப்பர்வைசர். "அங்க ஒண்ணும் உறையாது."

என் இடத்துக்கு வந்தவரிடம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சாமானை உடம்போடு ஒட்டி, கோட்டுக்கு உள்ளே வைக்க வேண்டும், குழந்தையைக் கட்டிக்கொள்ள இடுப்பை அல்ல, தோளைக் கொடுக்க வேண்டும், அதற்குக் குனிந்தால் போதும். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அன்று மறுபடி உள்ளே போகக் கூடாது. காவலை இன்னொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு, குளிருக்குள்ளேயே துப்பாக்கியைப் பையில் மூடிவிட வேண்டும், பை வேர்த்து முடிந்த பின்தான் திறக்க வேண்டும். பை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். புஷ்பராணியிடம் கேளுங்கள் என்றேன். எங்கள் பிரிவில் பிறகு வந்த எல்லோரும் அவளிடம்தான் பை வாங்கினார்கள். அளவெடுத்து வைத்திருந்தாள்.

தம்பிகளே, பத்தொன்பது வருடம் படையிலும் பதினெட்டு வருடம் அங்கேயும் ஆயுதம் வைத்திருந்தேன். அங்கே ஒருமுறைகூட அதை ஓர் ஆளை நோக்கி நீட்டியதில்லை. எடுக்க முயன்ற ஒரே முறையும் தவறான ஆள்மேல். அதனால் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரைக் காக்கிறீர்களோ அவர்களுடைய கையை முதலில் பாருங்கள். தூக்கிப் போகிறவனைப் பிறகு பார்க்கலாம்.

துப்பாக்கி திரும்பக் கைக்கு வரும்வரை வாசல் வேலை நான்கு மாதம். தினமும் காலை ஏழு மணிக்குக் குட்டியின் பள்ளி வண்டி என்னைத் தாண்டிப் போகும். வண்டிக் கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது விதி. எனக்காக ஒரு விரற்கடை இறக்க விடுவாள் புஷ்பராணி. ஏசிக் குளிரில் இருந்த மூக்குக்கண்ணாடியில் கடற்காற்றுப் பட்டதும் இரண்டு வட்டமும் வெள்ளையாகிவிடும். குட்டி நேராக என் பக்கத்தில் இருந்த பேரீச்ச மரத்தைப் பார்த்துக் கையசைப்பாள். புஷ்பராணி அவள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவாள்.

இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள், வண்டி வாசலை நெருங்கும்போதே குட்டி தானே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, மூடி, அதை எனக்குத் தூக்கிக் காட்டினாள். மூடுபனி இல்லை. ஆனால் இப்போது கண்ணாடியும் இல்லை. மறுபடியும் பேரீச்ச மரத்தைப் பார்த்துத்தான் கையசைத்தாள். புஷ்பராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"இங்கதான் குட்டி. இங்கதான் நிக்கிறேன்."

குரல் வந்த பக்கம் திரும்பினாள்.